கரிசலுக்கு ஏற்ற கேமரா எது?

வாசகர் கேள்விகளில் ஒன்றை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் எழுதியது. 'மகன் காலேஜ் முடித்துவிட்டான். போட்டோ எடுப்பதில் ஆசை. கேமரா வேண்டும் என்கிறான். ஃபுல் ஃபிரேம், கிராப் சென்சார் என்று என்னென்னவோ சொல்கிறான். உளுந்து விற்ற காசில் வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். செல்போனில் இல்லாதது அதில் என்ன இருக்கிறது? எதை வாங்குவது?'

பூச்சிக்கும் உரத்துக்கும் பதில் சொல்கிற வேளாண் அலுவலரிடம் இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு பக்கம் என்னைப் பார்த்தவர்கள், பையில் பூதக்கண்ணாடியோடு ஒரு கேமராவும் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். பொழுதுபோக்குதான். ஆனால், இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த ஒரு தப்பு இன்னும் மனதில் கிடக்கிறது. அதைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு, சட்டைப் பையில் போடுகிற மாதிரி ஒரு சின்ன கேமரா வாங்கினேன். டப்பாவில் '14 மெகாபிக்சல்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். சென்சார் எவ்வளவு பெரிசு என்று கேட்கவேண்டும் என்பதே அப்போது தெரியாது.

அந்த வருடம் மாசி மாதம். குருமலைப் பக்கம் ஒரு அண்ணாச்சியின் பருத்திக் காட்டுக்குப் போயிருந்தேன். காய்ப்புழு துளைத்த காய் ஒன்றை அவர் பறித்து உள்ளங்கையில் வைத்துக் காட்ட, அதை ஒரு படம் எடுத்தேன். கிளம்பும்போது அண்ணாச்சி கூச்சத்தோடு கேட்டார்.

"சார், என்னையும் ஒரு படம் பிடிங்க. ரேஷன் கார்டுக்குப் பிடிச்சதோட சரி. அதுக்கப்புறம் எவன் நம்மளப் பிடிக்கான்?"

எடுத்து வைத்திருந்த பருத்திக் குவியலுக்குப் பக்கத்தில், வரப்பில் ஏறி நின்றார். உச்சி வெயில். பின்னால் வெளுத்த வானம். கேமரா ஆட்டோவில் இருந்தது. அழுத்தினேன். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும், "நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணாச்சி தவறிவிட்டார். காரியம் எல்லாம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்காரம்மா அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். "அன்னைக்கு ஒரு படம் பிடிச்சீகளாமே சார். நல்லா வந்திருக்குன்னு சொன்னீகளாம். அவுக வந்து சொல்லிக்கிட்டே இருந்தாக. அது இருக்கா? பெருசாப் போட்டு மாட்டணும்."

கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன். படம் இருந்தது. வானம் இருந்தது, பருத்தி இருந்தது, வேட்டி இருந்தது. முகம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு நிழல்தான் இருந்தது.

ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரில் அந்த இடத்தை மட்டும் வெளிச்சப்படுத்திப் பார்த்தார். முகம் வரவில்லை. கரிசலில் உளுந்தை அள்ளித் தெளித்தமாதிரி புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. "சின்ன சென்சார் சார். இருட்டுக்குள்ள அதுல ஒண்ணும் கிடையாது" என்றார். சென்சார் என்ற வார்த்தையை நான் ஒழுங்காகக் காதில் வாங்கியது அன்றைக்குத்தான்.

சென்சார் என்றால் என்ன?

முன்பு கேமராவுக்குள் பிலிம் சுருள் போட்டோம். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சுருள் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் சில்லுதான் சென்சார். வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றிச் சேர்த்து வைக்கும் ஒரு வகைச் சில்லை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 2009-ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்கள்.

மழையில் முற்றத்தில் பாத்திரம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மழைதான். டம்ளரில் ஒரு மடக்கு சேரும் நேரத்தில் அண்டாவில் ஒரு குடம் சேர்ந்துவிடும். வெளிச்சம் என்பது மழை. சென்சார் என்பது பாத்திரத்தின் வாய். வாய் அகலமாக இருந்தால், மங்கலான வெளிச்சத்திலும் போதுமான அளவு சேரும். நிழலில் இருக்கும் முகமும் அதில் பதிந்திருக்கும். வாய் சிறிதானால், நிழலில் சேர்ந்தது நாலு சொட்டுதான். அதைப் பெரிதாக்கினால் புள்ளிதான் வரும்.

அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியது போன்ற சின்ன கேமராக்களில் சென்சார் சுமார் 6.2 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. அகலம். பரப்பு 28 சதுர மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அடுத்தது '1 இன்ச்' சென்சார். பெயரில்தான் இன்ச். உண்மையில் 13.2-க்கு 8.8 மி.மீ., பரப்பு 116 சதுர மி.மீ. அதற்கு மேலே 'ஃபோர் தேர்ட்ஸ்', 17.3-க்கு 13 மி.மீ., பரப்பு 225. அடுத்தது 'ஏபிஎஸ்-சி'. உங்கள் மகன் சொல்லும் 'கிராப் சென்சார்' பெரும்பாலும் இதுதான். ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ., பரப்பு 367. ஒரு கம்பெனியில் கொஞ்சம் சிறிதாக, 22.3-க்கு 14.9 என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே 'ஃபுல் ஃபிரேம்', 36-க்கு 24 மி.மீ. பழைய பிலிம் சுருளின் ஒரு கட்டம் எவ்வளவோ அவ்வளவு. பரப்பு 864.

அதாவது, ஃபுல் ஃபிரேம் என்பது என் சின்ன கேமராவைப்போல 30 மடங்குக்கு மேல் பெரிய நிலம். ஏபிஎஸ்-சி 13 மடங்கு. ஒரு குறுக்கத்தையும் ஒரு செண்டையும் ஒப்பிடுகிற மாதிரிதான்.

மெகாபிக்சல் ஏமாற்று

மெகாபிக்சல் என்பது அந்த நிலத்தில் எத்தனை செடி ஊன்றியிருக்கிறோம் என்ற கணக்கு. 1975-ல் கோடாக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் 100-க்கு 100, மொத்தம் பத்தாயிரம் புள்ளிதான். இன்றைக்குச் செல்போனிலேயே கோடிக்கணக்கில் சொல்கிறார்கள். ஆனால், நெருக்கி விதைத்த மக்காச்சோளத்தில் கதிர் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பயிர் எண்ணிக்கை இருக்கும், மணி இருக்காது. ஒரு செண்டு நிலத்தில் 14 மெகாபிக்சலை நெருக்கி விதைத்துவிட்டு, கூரை உயரத்துக்குப் படம் போடலாம் என்று நம்பியவன் நான்.

வீட்டுச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு 12 மெகாபிக்சலே போதும். ஆகவே கடைக்குப் போனால் முதலில் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். சென்சார் அளவைக் கேளுங்கள்.

அப்படியானால் பெரிசுதான் நல்லதா?

அப்படியும் இல்லை. இதையும் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு, அந்த வருடமே நம் மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஐப்பசியில் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் புழுப் படம் அனுப்பினான். ஒரே கலங்கல். வழக்கமான தண்டுத்துளைப்பான் என்று நினைத்து, 'ஒரு வாரம் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் போனால் குருத்து முழுக்கக் கந்தல். மரத்தூள் கொட்டினமாதிரி எச்சம். அந்த ஒரு வாரத்தை அவனுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதற்குள் நான் செகண்ட் ஹாண்டில் ஏபிஎஸ்-சி கேமரா ஒன்று வாங்கியிருந்தேன். புழுவை உள்ளங்கையில் வைத்து எடுத்தேன். தலை கண்ணாடி மாதிரி வந்தது, வால் கலங்கிவிட்டது. வாலைப் பார்த்து எடுத்தால் தலை கலங்கியது. படைப்புழுவுக்கு இரண்டும் வேண்டும். தலையில் கவட்டைக் கம்பைத் தலைகீழாக வைத்தமாதிரி வெளிர்நிறக் கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு அந்தத் தம்பி செல்போனிலேயே வெளிச்சத்தில் நிதானமாக எடுத்தான். தலையும் வாலும் ஒன்றாகத் தெளிவாக விழுந்தது.

காரணம் இதுதான். பக்கத்தில் வைத்து எடுக்கும்போது, சென்சார் சிறிதாக இருந்தால் முன்னும் பின்னும் கூடுதல் ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். பெரிதாக ஆக அந்த ஆழம் குறையும். கல்யாணப் படத்தில் முகம் மட்டும் தெளிவாக, பின்னணி பஞ்சாகக் கரைவது இதனால்தான். மணமகளுக்கு அது அழகு. புழுவுக்கு ஆகாது.

எனவே பூச்சி, நோய் பற்றி இதழுக்கோ அலுவலகத்துக்கோ படம் அனுப்ப யாரும் கேமரா வாங்கவேண்டாம். செல்போன் போதும். லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள். திரையில் புழுவின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டி, தெளிவான பிறகு எடுங்கள். ரொம்ப ஒட்டிப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். முழுச்செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், புழு என்று நான்கு படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

பறவைக்கு நடுத்தர அளவு

பனிக்காலத்தில் நம் சோளக் காடுகளுக்குச் சூறைக்குருவி கூட்டம் கூட்டமாக வரும். சோளக்குருவி என்றும் சொல்வார்கள். கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியா பக்கமிருந்து வருபவை. கதிரைத் தின்கிறது என்று விரட்டுகிறோம், வெட்டுக்கிளியையும் அதுதான் தின்கிறது. சாயங்காலம் அது வானத்தில் சுருண்டு திரும்புவதைப் பார்த்தால் எவனுக்கும் கேமரா ஆசை வரும். வல்லநாட்டு வெளிமானும் அப்படித்தான், பக்கத்தில் விடாது.

இதற்கு ஏபிஎஸ்-சி நல்லது. சென்சார் சிறிதாக இருப்பதால், லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 300 மி.மீ. லென்ஸ் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. லென்ஸ் போட்ட மாதிரி பறவை பெரிதாகத் தெரியும். லென்ஸும் எடை குறைவு, காசும் குறைவு. அதே காட்சி ஃபுல் ஃபிரேமில் வேண்டுமென்றால் லென்ஸுக்கே ஒரு ஜோடி மாட்டு விலை ஆகிவிடும்.

மோடு வளையத்தில் உள்ள எழுத்துகள்

கேமராவின் தலையில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஆட்டோ, பி, ஏ, எஸ், எம் என்று போட்டிருக்கும். ஒரு கம்பெனியில் ஏ-வுக்கு 'ஏவி', எஸ்-ஸுக்கு 'டிவி'. பயந்து ஆட்டோவை விட்டு நகராமல் இருப்பவர்கள்தான் அதிகம். விஷயம் மூன்றே மூன்றுதான். லென்ஸின் துவாரம், அது மடை. ஷட்டர், அது மடை திறந்திருக்கும் நேரம். ஐஎஸ்ஓ, அது சேர்ந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது. கூட்டினால் படம் வெளிச்சமாகும், புள்ளியும் கூடும்.

'ஏ'-யில் மடையின் அளவை நீங்கள் சொல்கிறீர்கள், நேரத்தை கேமரா பார்த்துக்கொள்ளும். மடைக்கு 'எஃப்' எண். எண் சிறிதானால் மடை பெரிது. ஆள் முகத்துக்கு எஃப் 4, காட்டையும் மேகத்தையும் சேர்த்து எடுக்க எஃப் 8, புழுவுக்கு எஃப் 11 அல்லது 16. நான் பாதி நேரம் இதில்தான் இருக்கிறேன்.

'எஸ்'-ஸில் நேரத்தை நீங்கள் சொல்கிறீர்கள். பறக்கும் பறவைக்கும் மஞ்சுவிரட்டுக்கும் 1/1000 நொடி அல்லது அதற்கும் வேகமாக. மெதுவாக வைத்தால் இறக்கை விசிறி மாதிரி மங்கும்.

'பி'-யில் மடையும் நேரமும் கேமராவின் பொறுப்பு, மற்றது உங்களுடையது. 'எம்'-மில் எல்லாமே நீங்கள்தான்.

இனி முக்கியமான இடம். 'எம்' தவிர்த்து எந்த மோடாக இருந்தாலும், கேமராவுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. உலகம் முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது நினைக்கிறது. உழுது போட்ட கரிசலை எடுத்தால், 'அய்யோ இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நம் கறுப்பு மண் சாம்பலாக, செத்த மண்ணாக வந்து நிற்கும். பருத்திக் குவியலை எடுத்தால், 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும். வெள்ளைப் பருத்தி அழுக்குப் பருத்தியாகிவிடும். மண்ணைப் பார்த்தே ஊர் சொல்கிற நமக்கு இரண்டுமே பொய்ப் படம்.

அண்ணாச்சியின் முகம் போனதும் இதனால்தான். பின்னால் வெளுத்த வானம், பக்கத்தில் பருத்தி, உடம்பில் வெள்ளை வேட்டி. எல்லாமே வெளிச்சம் என்று கேமரா மடையைச் சாத்திவிட்டது. நடுவே ஒரு கறுத்த முகம் இருந்தது அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மருந்து சின்னதுதான். கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். கரிசல் மண் நிறைந்த படத்துக்குக் கழித்தல் 1. பருத்திக் குவியலுக்குக் கூட்டல் 1. வானத்தைப் பின்னால் வைத்து ஆளை எடுத்தால் கூட்டல் 1 அல்லது 2. செல்போனிலும் முகத்தில் விரலால் தட்டினால் இதேபோலச் சரிசெய்துகொள்ளும். 'எம்' பழக விரும்பும் தம்பிகளுக்கு ஒரு பழைய கணக்கு: தெளிந்த வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 அல்லது 1/125. மண் கறுப்பாகவும் பருத்தி வெள்ளையாகவும் அப்படியே விழும். 'ரா' என்ற வகையில் பதிவு செய்ய வசதியிருந்தால் வையுங்கள். நிழலில் போன முகத்தைப் பிறகு மீட்க அதில்தான் வாய்ப்பு அதிகம்.

காற்றும் தூசியும்

லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவில் நம் ஊருக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. ஆடிக் காற்றில், காற்றாலை சுற்றும் கயத்தாறு வெளியில் நின்று லென்ஸை மாற்றினால் கரிசல் தூசி நேரே சென்சாரில் உட்காரும். பிறகு எடுக்கும் வானத்தில் எல்லாம் கறுப்புப் பொட்டு. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சாணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் தப்பிக்கும். தோல் பையில் மூடி பீரோவில் வைப்பதுதான் மோசம்.

நெல்லைச் சீமைக்காரர் ஒருவரையும் சொல்லவேண்டும். நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், 1996-ல் மறைந்தார். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். ஆட்டோ எதுவும் கிடையாது. விலங்கு எப்போது திரும்பும், வெளிச்சம் எங்கே விழும் என்று பார்த்துக் காத்திருந்ததுதான் அவருடைய மூலதனம்.

ஆக, அப்பாவுக்குப் பதில்

முதல் மூன்று மாதம் மகன் செல்போனிலேயே எடுக்கட்டும். எதை எடுக்கிறான் என்று கவனியுங்கள். பூச்சி, பூ, இலை என்றால் செல்போனே போதும். பறவை, விளையாட்டு, திருவிழா என்றால் செகண்ட் ஹாண்டில் ஏபிஎஸ்-சி கேமரா. அதில் காசை மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். கேமரா சில வருடத்தில் பழசாகும், லென்ஸ் நாளாகும். லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம், பயணத்துக்குத்தான் என்றால் 1 இன்ச் சென்சார் உள்ள சின்ன கேமரா. இரவுக் கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கப்போகிறான் என்றால் மட்டும் ஃபுல் ஃபிரேமைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் ஒரு ஸ்டுடியோவில் ஆறு மாதம் உதவிக்கு நின்ற பிறகு. உளுந்துக் காசில் அடுத்த வருட விதைக்கும் உழவுக்கும் எடுத்து வைத்தது போக மீதியில் வாங்குங்கள். கடன் வாங்கி வேண்டாம்.

அண்ணாச்சி வீட்டுக்காரம்மாவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். முகம் இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்கு எடுத்த இன்னொரு படம் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் காய் வைத்துக் காட்டினாரே, அது. அவர் உடம்பின் நிழல் கைமேல் விழுந்ததால், கடும் வெயில் படாமல், அந்தச் சின்ன கேமராவிலும் நன்றாக வந்திருந்தது. மண் ஏறிய ரேகை, பருத்தி முள் கீறின கோடு, அரிவாள் வெட்டி வளைந்த ஆள்காட்டி விரல்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்த விரலைத் தடவிப் பார்த்தார்கள். "இது அவுகதான் சார்" என்றார்கள். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தக் கைதான்.

இப்போது யாரைப் படம் எடுத்தாலும், நிழலுக்குள் கேமராவைக் கொண்டுபோய்த் திரையைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் காட்டுகிறேன். "முகம் தெரியுதா அண்ணாச்சி?" என்று கேட்டு, "தெரியுது" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். உங்கள் மகனுக்கு எந்த கேமரா வாங்கிக் கொடுத்தாலும், இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். முதல் படமாக உங்களை எடுக்கச் சொல்லுங்கள்.